தொடாதே பலகையைக் கழற்றியவர்

மியூசியம்னாலே நமக்கு ஞாபகம் வருவது கண்ணாடிப் பெட்டி, உள்ளே தூசி படிஞ்ச கொக்கு, பக்கத்துல 'தொடாதீர்கள்' பலகை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான்.

குழந்தைகளுக்கென்றே முதல் மியூசியம் வந்தது நியூயார்க் புரூக்ளினில், 1899-ல். அடுத்து 1913-ல் பாஸ்டனில் அறிவியல் ஆசிரியர்கள் சேர்ந்து ஒன்று ஆரம்பித்தார்கள். பறவைகள், கிளிஞ்சல்கள், தாதுக்கற்கள். குழந்தையின் கண் உயரத்துக்குப் பொருளை வைத்து, எளிய வார்த்தைகளில் குறிப்பு எழுதினார்கள். அந்தக் காலத்துக்கு அதுவே பெரிய விஷயம். ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான்!

அந்தக் கண்ணாடியைத் தாண்டியவர் மைக்கேல் ஸ்பாக். 1962-ல் பாஸ்டன் மியூசியத்துக்கு இயக்குநராக வந்தபோது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. கிட்டத்தட்ட நம்ம செட்டு! அப்பா யார் தெரியுமா? டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக். 1946-ல் அவர் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் பல லட்சம் வீடுகளில் இருந்தது. அப்படிப்பட்டவரின் மகனுக்கு டிஸ்லெக்சியா. எழுத்துக் கூட்டிப் படிப்பதே போராட்டம்.

வந்தவர் 'தொடாதே' பலகைகளை எடுக்கச் சொன்னார். 'உள்ளே என்ன இருக்கு?' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். டோஸ்டர், பேஸ்பால், ஒரு சொட்டுத் தண்ணீர், இவ்வளவுதான் சரக்கு. நோண்டிப் பார்க்கலாம், ஆராயலாம். மியூசியம் என்பது ஒரு பொருளைப் பற்றியது இல்லை, ஒரு ஆளுக்கானது என்பது அவர் கட்சி.

பொட்டி தட்டறவன் என்ற முறையில் எனக்கு இது சட்டுனு புரியுது. மேனுவல் படிக்காமலே ஓட்ட முடிந்தால்தான் அது நல்ல மென்பொருள். படிக்கச் சிரமப்பட்ட ஒருத்தர், படிக்காமலே கத்துக்கற இடத்தை அமைத்ததில் ஆச்சரியம் என்ன?

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னு கேட்கறீங்களா? எங்க பொண்ணுக்கு மூன்றரை வயசு. வீட்டில் தமிழ் மட்டும்தான். வீட்டில் வாய் ஓயாது, பள்ளியில் வாயே திறப்பதில்லை. "இவளுக்கு எதுவும் புரியற மாதிரி தெரியலையே, டெஸ்ட் பண்ணிப் பாருங்க"ன்னு அங்க சொல்லிட்டாங்க. தங்கமணி ரெண்டு ராத்திரி தூங்கலை.

அந்த வார சனிக்கிழமைதான் மியூசியம் போனோம். கோல்ஃப் பந்தை உருட்டிவிடும் சரிவுப் பாதைகள் உண்டு அங்கே. பக்கத்தில் ஒரு சீனப் பையன், அவனுக்கும் இங்கிலீஷ் வராது போல. பந்து பாதியில் நின்றது. இவள் மேல்முனையைத் தூக்கினாள், அவன் அடியில் பிடித்துக்கொண்டான். நாலாவது தடவை பந்து கடைசி வரை ஓடியது. ரெண்டும் குதிச்சுதுங்க. ஒரு வார்த்தை பேசலை. சாய்வு, வேகம், கூட்டாளி எல்லாம் புரிந்திருக்கிறது. அவள் பள்ளியில் அதைக் காட்ட ஒரே வழிதான் இருந்தது, பேச்சு. 1962-ல் ஒருத்தர் இன்னொரு வழியைத் திறந்து வைத்ததால், எங்க பொண்ணை எங்களால் முழுசாப் பார்க்க முடிந்தது.

டெஸ்ட் எடுப்போம், அதில் தப்பில்லை. ஆனா பயத்தோடு இல்லை.

கொசுறு: கியோட்டோ நகரம் கொடுத்த நிஜமான பழைய ஜப்பானிய வீடு ஒன்று உள்ளே இருக்கிறது. பிரித்து, கப்பலேற்றி, 1979-ல் மறுபடி கோத்தது. வாசலில் செருப்பைக் கழட்டணும். மத்தவங்க எழுதிப்போட்டதைப் படிச்சிட்டு இருந்தாங்க. எங்காளு யாரும் சொல்லாமலே கழட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள் :-)