சூரியனுக்கு 50 காஸ்: ஒரு தப்புக் கணக்கின் கதை

1908ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சார். சூரியக் கரும்புள்ளிகள்ல காந்தப்புலம் இருக்கு! ஆதாரம், 1896ல் ஸீமன் கண்டுபிடிச்ச விளைவு. காந்தப்புலம் இருந்தா நிறமாலைக் கோடு பிரியும். கரும்புள்ளிகள்ல சுமார் 3000 காஸ், அதனால பிரிவு நல்லாவே தெரிஞ்சது. (நம்ம பூமியோட புலம் அரை காஸ் அளவுதான்.) இது இன்னிக்கும் சரி.

சிக்கல் அடுத்ததில்தான். சூரியனே ஒரு பெரிய காந்தமா? முழு கிரகணத்தப்போ துருவங்கள்ல தெரியும் கீற்றுகள், காந்தத்தைச் சுத்தி இரும்புத்தூள் நிக்கிற மாதிரியே இருக்கும். ஆக, எதிர்பார்ப்பு ரெடி. 150 அடி கோபுரத் தொலைநோக்கியில் படமெடுத்து, 1913ல் அறிவிச்சார்: துருவத்தில் சுமார் 50 காஸ்.

50 காஸ் கோட்டை நகர்த்துறது ஆங்ஸ்ட்ராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கோட்டோட அகலமோ அதைப்போல நூறு மடங்கு! போட்டோ தகட்டை நுண்ணோக்கியில் வச்சு, கண்ணால பார்த்து அளக்கணும். அப்படி அளந்தவர்கள்ல முக்கியமானவர் வான் மானென். சுருள் நெபுலாக்கள் சுழல்றதையே தகட்டில் அளந்ததாச் சொன்ன அதே ஆள். அப்படியொரு சுழற்சி தெரியலைன்னு 1935ல் ஹபிள் காட்டினார்.

இவங்க யாரும் ஏமாத்துக்காரங்க இல்லை. ஒரு தகட்டில் கூடும், இன்னொண்ணுல குறையும்ங்கிற பிழை, நிறைய தகடு அளந்தா சராசரியில் கரைஞ்சிடும். ஆனா எப்பவும் ஒரே பக்கம் சாயுற பிழை கரையாது. நூறு தகடு அளந்தாலும் அப்படியே நிக்கும். கூடுறது நம்பிக்கை மட்டும்தான்.

1950களின் தொடக்கத்தில் பாப்காக் அப்பாவும் பிள்ளையும் (ஹெரால்ட், ஹொரேஸ்) கண்ணுக்குப் பதிலா ஒளிமின் கருவியில் அளந்தாங்க. துருவத்தில் வந்தது சுமார் 1 காஸ். 1970ல் ஸ்டென்ஃப்லோ, ஹேலோட பழைய தகடுகள் சிலதையே எடுத்து புதுக் கருவியில் மறுபடி அளந்தார். 50 காஸுக்கு அதில் தடயமே இல்லை. ஹேல் 1938லேயே போய்ச் சேர்ந்துட்டார்.

எனக்கு இதுல பிடிச்சது, அந்தத் தகடுகளைத் தூக்கிப் போடாம பத்திரமா வச்சிருந்தாங்களே, அதுதான். முடிவு தப்பாப் போகலாம். மூலத் தரவு இருந்தா அடுத்தவன் திருத்திடுவான். நீங்க என்ன சொல்றீங்க மக்களே?