நீ வீரனா, மந்திரவாதியா, வைத்தியனா? ஒரு கேள்வியின் வரலாறு



இந்த வாரம் சோழரும் இல்லை, பிரெஞ்சுப் புரட்சியும் இல்லை. ஆன்லைன் விளையாட்டு! "டீச்சருக்கு என்ன ஆயிற்று?" என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் நாம் படித்ததெல்லாம் இதற்குள் இருக்கிறது.

உங்கள் பிள்ளைகள் ஆடும் மாயாஜால விளையாட்டுகளில், முதல் அடி எடுத்து வைக்கும் முன்பே திரையில் ஒரு கேள்வி வரும். நீ யார்? வாள் வீசும் வீரனா, மந்திரவாதியா, காயம் ஆற்றுபவனா, பதுங்கிப் பாயும் திருடனா? இதற்கு ஆங்கிலத்தில் 'கிளாஸ்' என்று பெயர். தமிழில் 'வகுப்பு'. பள்ளிக்கூடத்து வகுப்பும் இதே சொல்தான். வகுப்புவாதம் என்கிறோமே, அந்த வகுப்பும் இதே சொல்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வி பிறந்தது அமெரிக்காவில், கணினியில் அல்ல, மேசையில். சிறு பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாடும் பழக்கம் அங்கே இருந்தது. 1971-இல் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் 'செயின்மெயில்' என்ற விதிநூலை வெளியிட்டார்கள். அதில் ஒரு பொம்மை இருபது போர்வீரர்களுக்குச் சமம். நூலின் பின்பகுதியில் டிராகன், மந்திரவாதி எல்லாம் வந்தார்கள். அந்த மந்திரவாதி எறியும் நெருப்புப் பந்து, கல்லெறியும் பொறிக்குச் சமம். அவன் விடும் மின்னல், பீரங்கிக்குச் சமம். அதாவது, நம் குழந்தைகள் ஆசைப்படும் மந்திரவாதி முதலில் அங்கி போட்ட பீரங்கிதான்!

மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்பவர் ஒரு மாற்றம் செய்தார். படை வேண்டாம், ஒருவருக்கு ஒரு பொம்மை போதும், அந்த ஒருவனாகவே நீ வாழ்ந்து பார் என்றார். அவரும் கைகாக்ஸும் சேர்ந்து 1974-இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். முதலில் அச்சிட்டது ஆயிரம் பெட்டிகள்தான். அதில் மூன்றே வகுப்புகள்: வீரர், மந்திரவாதி, மதகுரு. வெட்டுபவர், தூரத்திலிருந்து தாக்குபவர், காயம் ஆற்றுபவர். மறு ஆண்டு வந்த துணைநூலில் திருடரும் சேர்ந்துகொண்டார்.

ஆனால் அன்று தேர்வு முழுச் சுதந்திரமாக இல்லை. முதலில் மூன்று பகடைகளை உருட்ட வேண்டும். பலம், அறிவு, விவேகம் என ஆறு குணங்களுக்கும் விழுந்த எண்தான் உன் தலையெழுத்து. அதைப் பார்த்துத்தான் வகுப்பு. இன்னொரு விதி, பிறப்பு பற்றியது. 'ட்வார்ஃப்' எனும் குள்ளர் இனத்தில் பிறந்தால் வீரராக மட்டுமே ஆகலாம், அதுவும் ஆறாம் நிலை வரைதான். 'ஹாபிட்' இனம் நான்காம் நிலையோடு நின்றுவிட வேண்டும். மனிதருக்கு மட்டும் வரம்பு இல்லை. 1978-இல் வந்த நூலில் பெண் பாத்திரங்களின் பலத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். யாரும் பார்த்திராத கற்பனை உலகம். அதில் எந்த விதி வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஆனாலும் மனிதன் தன் பழைய மூட்டையை அங்கேயும் தூக்கிப் போயிருக்கிறான் பாருங்கள்! பெண்களுக்கான வரம்பு 1989-இலும், பிறப்புக்கான வரம்பு 2000-இலும் நீங்கின.

இனி இங்கிலாந்து. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் டிரப்ஷா, பலர் ஒரே நேரத்தில் ஆடும் 'மட்' என்ற கணினி உலகத்தைத் தொடங்கினார். பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். படம் கிடையாது, எழுத்து மட்டும். அதில் வகுப்பும் கிடையாது! எல்லோரும் கற்றுக்குட்டியாகத் தொடங்கி, முயற்சியால் மந்திரவாதி நிலைக்கு உயரலாம். பார்ட்டில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. பிறந்த வீடே ஒருவரின் இடத்தை முடிவுசெய்யும் பிரிட்டிஷ் சமூகத்தின் மீதான கோபம் அந்த ஆட்டத்தில் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்திலும் 'கிளாஸ்' என்றால் வர்க்கம்தானே!

அப்படியானால் வகுப்பு ஏன் திரும்பி வந்தது? 1991-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் வெளியிட்ட 'டிகுமட்'டில் வீரர், திருடர், மதகுரு, மந்திரவாதி நால்வரும் மறுபடி வந்தார்கள். 1997-இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' வகுப்பில்லாமல், பிடித்த திறமைகளைச் சேர்த்துக்கொள்ளும்படி இருந்தது. ஆனால் 1999-இல் 'எவர்க்வெஸ்ட்' பதினான்கு வகுப்புகளோடு வந்தது. பின்னால் வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் போயின.

காரணம் எளிது. வீரனால் அடி தாங்க முடியும், காயம் ஆற்ற முடியாது. ஆற்றுபவரால் அடி தாங்க முடியாது. எல்லாம் ஒருவனுக்கே தெரிந்துவிட்டால் அடுத்தவனிடம் பேச வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு குறை வைத்தால்தான் கூட்டாளி தேடுவான், நட்பு உண்டாகும். இந்தப் பிரிவினையில் மேல், கீழ் கிடையாது. ஒருவர் இல்லாவிட்டால் எல்லோரும் தோற்பார்கள்.

2004 நவம்பரில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஒன்பது வகுப்புகளோடு வந்தது. ஐந்து பேர் குழுவில் அடி தாங்க ஒருவர், காயம் ஆற்ற ஒருவர், தாக்க மூவர். எல்லோருக்கும் தாக்கத்தான் ஆசை. ஆகவே அவர்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். தாங்குபவருக்கும் ஆற்றுபவருக்கும் பஞ்சம். 2011-இல் நிறுவனம், எந்தப் பொறுப்புக்கு ஆள் குறைவோ அதை ஏற்று வருபவருக்குக் கூடுதல் பரிசு அறிவித்தது. பெயர் வாங்காத வேலைக்கு ஆள் கிடைப்பது கற்பனை உலகத்திலும் கஷ்டம்தான் போலும்.

அந்த ஆட்டத்தில் காசு கட்டினால் பாத்திரத்தின் பெயர், இனம், கட்சி எல்லாவற்றையும் மாற்றலாம். வகுப்பை மட்டும் மாற்ற முடியாது. முதல் நிமிடத்தில், ஆட்டமே தெரியாதபோது எடுத்த முடிவு அந்தப் பாத்திரத்தோடு கடைசி வரை வரும். பிடிக்காவிட்டால் இன்னொரு பாத்திரத்தை உருவாக்க வேண்டும். 'ஃபைனல் ஃபேன்டசி' 2002-இல் தன் ஆன்லைன் ஆட்டத்தில் வேறு வழி காட்டியது. அங்கே ஒரே பாத்திரம் வெவ்வேறு தொழில்களைக் கற்று, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் நம் ஊரிலும் இதே கேள்விதான். "எந்த குரூப் எடுக்கட்டும் டீச்சர்?" என்று நீங்களும் வந்து நின்றவர்கள்தானே! பதினைந்து வயது, ஆட்டம் இன்னும் தெரியாது. ஃபர்ஸ்ட் குரூப் என்றால் பெருமை, தொழிற்பிரிவு என்றால் முகச்சுளிப்பு. மதிப்பெண் என்ற பகடை ஒரு பக்கம், "நம்ம வீட்டில் எல்லோரும் இதுதான்" என்ற பிறப்பு விதி மறுபக்கம். பிள்ளையின் குரல் எங்கே?

ஐம்பது ஆண்டுகளில் அந்த விளையாட்டுக்காரர்கள் பகடையின் பிடியைத் தளர்த்தினார்கள், பிறப்பு விதியை நீக்கினார்கள், மாற்றிக்கொள்ளவும் சில இடங்களில் வழி வைத்தார்கள். நாமும் அதைச் செய்யலாம். பிள்ளையைக் கேட்போம். அடி தாங்கும் வேலையையும் காயம் ஆற்றும் வேலையையும் தாழ்வாகப் பேசாமல் இருப்போம். பாதியில் மனம் மாறி வந்தால் திட்டாமல், அடுத்த வழியைத் தேடிக் கொடுப்போம். வாழ்க்கையில் இரண்டாவது பாத்திரத்தை உருவாக்க முடியாது, ஆனால் இருக்கும் பாத்திரம் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் எந்த குரூப் எடுத்தீர்கள், யார் சொல்லி எடுத்தீர்கள், இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள்? கமென்ட்டில் எழுதுங்கள் பிள்ளைகளே. ஒவ்வொன்றையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்