சங்கக் கடையும் எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியும்

எழுபத்தெட்டுச் சூறாவளியைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் காற்றைத்தான் சொல்வார்கள். தகரம் பறந்ததும் தென்னை முறிந்ததும் கடல் இரைந்ததும் தெருவுக்கு நாலு பேர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். நானும் அந்த இரவு கிழக்கிலங்கையில், கல்முனைப் பக்கத்துப் பாண்டிருப்பில்தான் இருந்தேன். ஆனால் என் கைக்குள்ளால் போன சரித்திரம் காற்று நின்ற பிறகு தொடங்குகிறது. அப்போது நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளைக் கடை ஒன்றுக்கு மனேச்சர். மனேச்சர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தராசு பிடிப்பதும், கூப்பன் வெட்டுவதும், மண்ணெண்ணெய் அளப்பதும், இரவில் கணக்கு எழுதுவதும் ஒரே ஆள்தான்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. பக்கத்து முஸ்லிம் ஊரான மருதமுனையில் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு கிழமை. எங்கள் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு முடிந்து ஊர் சோம்பிக் கிடந்த நேரம். பெரும்போக விதைப்பு முடிந்து வயலில் இளம்பயிர். புயல் வருகிறது என்று றேடியோவில் சொன்னார்கள், கேட்டவர்களும் இருந்தார்கள். கேட்டு என்ன செய்ய? 1907, 1922 எல்லாம் பாட்டன்மார் சொன்ன கதை. 1964 டிசம்பரில் அடித்தது திருகோணமலைப் பக்கத்தால் போய்த் தனுஷ்கோடியை அழித்தது. நாங்கள் அதைப் பேப்பரில் படித்தோம். எங்கே போய் ஒதுங்குவது, யார் கதவைத் திறந்துவிடுவது என்று எந்த அறிவித்தலிலும் இல்லை. கல்வீடு உள்ளவன் வீட்டுக்குக் கிடுகு வீட்டுக்காரர் போனார்கள், அவ்வளவுதான்.

பிறகு வந்த கணக்கில் 915 பேர் இறந்ததாகப் பதிவு. பாதிக்கப்பட்டவர்கள் பத்து இலட்சம் என்றும், சேதமான வீடுகள் இரண்டரை இலட்சம் என்றும், அரசாங்கம் செலவழித்தது 600 மில்லியன் ரூபாவுக்கு மேல் என்றும் எழுதியிருக்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் பதினொரு நெல் களஞ்சியங்களில் ஒன்பது அழிந்தன. எனக்கு இந்தக் கடைசி எண்தான் பெரிது. ஒரு பஞ்சத்துக்கு அரசாங்கம் முதலில் திறப்பது பக்கத்திலுள்ள களஞ்சியத்தை. அதுவே கூரை இல்லாமல் நனைந்து, நெல் முளைவிட்டு நாறினால், அரிசி உள்நாட்டிலிருந்து லொறியில் வர வேண்டும். லொறி வர வீதியில் மரம் இருக்கக் கூடாது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பிரதான வீதியில் கல்லாறு வரைக்கும் அன்று மரத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. கோடாலி உள்ளவனெல்லாம் வெட்டினான். ஆமிக்காரரும் வந்து வெட்டினார்கள். அந்த ஆமியைக் கண்டு சனம் பயப்படாத காலம் அது என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

அரிசி வந்தது. ஆருக்குக் கொடுப்பது?

இதற்குப் பதில் சொல்ல அரசாங்கத்திடம் அன்று இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று, விதானையார். 1963இலேயே விதானை முறையை எடுத்துவிட்டுக் கிராம சேவகர் (ஜீ.எஸ்.) என்று வைத்தார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஜீ.எஸ். வந்தாலும் விதானையார்தான், இன்றைக்கும். அவர் வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதி உதவி அரசாங்க அதிபர் கந்தோருக்கு அனுப்புவார். இரண்டாவது, எங்கள் கடையின் கூப்பன் பதிவேடு. உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் தொடங்கின பங்கீடு அது. ஒரு வீட்டில் எத்தனை தலை, எத்தனை குழந்தை, ஆர் செத்தது, ஆர் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனது எல்லாம் கூப்பனில் தெரியும். புயலுக்கென்று அரசாங்கம் தனியாக ஒரு அமைப்பும் வைத்திருக்கவில்லை. அரிசி கொடுக்கிற பழைய அமைப்பின் மேல் புயலை ஏற்றிவிட்டார்கள். அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

ஆனால் ஒரு சிக்கல். அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஜே.ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் பங்கீட்டு அரிசி என்று சட்டம் போட்டிருந்தது. நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அரிசிக் கூப்பன் நின்றுபோனது. எங்கள் பதிவேட்டிலும் பாதிப் பேருக்குச் சிவப்பு மையால் கோடு கீறி முடித்திருந்தேன். பத்து மாதம் கழிந்து சூறாவளி வந்தபோது, அந்தச் சிவப்புக் கோட்டுக்காரர்கள் என் முன்னால் வந்து நின்றார்கள். மருதமுனை எல்லையிலிருந்து வந்த ஒரு நெசவாளர் எனக்கு நன்றாக ஞாபகம். நாலு தறி வைத்திருந்தவர், கூலிக்கு ஆள் வைத்து நெய்தவர், எங்கள் கடையில் கடன் வாங்காத மனிதர். குழித்தறி நிறையச் சேறு, பாவு நூல் எல்லாம் அழுகல், வீட்டில் ஏழு பேர்.

“தம்பி, நம்மட பேர் இதில இரிக்கா?”

“இருக்கு காக்கா. ஆனா வெட்டியிரிக்கு.”

“வெட்டினது நீங்கதானே?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நான் கையால் அந்தப் பக்கத்தை மூடினதுதான் ஞாபகம். அன்று பின்னேரம் விதானையாரும் நானும் இருந்து, சிவப்புக் கோடு போட்ட பேர்களை எல்லாம் வேறொரு கொப்பியில் திரும்ப எழுதினோம். மேலிடத்திலிருந்தும் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று பிறகு சொல் வந்தது. சொல் வருமுன் கொடுத்த அரிசிக்குக் கணக்குக் காட்ட எனக்கு அடுத்த சித்திரை வரை ஆனது. கணக்காய்வுக்கு வந்தவர்களுக்குச் சூறாவளி என்பது ஒரு விளக்கமாகப் படவே இல்லை.

கூப்பன் புத்தகங்கள் வேறு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. பெண்டுகள் அவற்றைக் கடை வாசலில் வெயிலில் விரித்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருப்பார்கள். புத்தகம் காணாமற் போனவர்களுக்கு எங்கள் பதிவேடுதான் சாட்சி. பதிவேடு நனையாததற்கு நான் கெட்டிக்காரன் என்பதல்ல காரணம். கடை பழைய கல்கட்டடம், பெட்டகம் தேக்கு.

இனிக் கூரை. இதை நிவாரணக் கணக்குகளில் சரியாகச் சொன்னதாக நான் காணவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் 28,000 ஏக்கர் தென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு அழிந்தது என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. கல்முனைக் கரையும் அப்படித்தான். தென்னை போனால் தேங்காய் போகும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரின் வீடே தென்னைதான். மரம் வளை, ஓலை கிடுகு, தும்பு கயிறு. முன்பெல்லாம் காற்றில் கூரை போனால் ஊர் தன் வளவிலேயே அதைத் திருத்திக்கொள்ளும். ஒரு கந்தோருக்கும் போகத் தேவையில்லை. சூறாவளி அடித்த முதல் மாதத்தில் கிடுகுக்குப் பஞ்சமே இருக்கவில்லை என்று சொன்னால் இளம் ஆட்கள் நம்புவதில்லை. விழுந்த மரமெல்லாம் பச்சை ஓலை. ஊறப்போட்டு, இரவு பகலாகப் பின்னி, எல்லாக் கூரையும் வேய்ந்தார்கள். குருத்தை வெட்டிப் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். தென்னங்குருத்து அவ்வளவு மலிவாக இனி ஒருக்காலும் கிடைக்காது. பஞ்சம் வந்தது அடுத்த வருடம். கிடுகு ஒன்றிரண்டு மாரிதான் தாங்கும். எழுபத்தொன்பதில் மாற்றிக் கட்ட ஓலை இல்லை. நட்ட கன்று காய்க்க ஆறேழு வருடம். அப்போதுதான் சனம் தகரத்துக்கும் சீமெந்துக்கும் விண்ணப்பம் எழுதத் தொடங்கினது. வீட்டுக் கடன், வீட்டு உதவி, அளந்து பார்க்க ஒரு உத்தியோகத்தர், இரண்டு பிணைகாரர். கூரைக்காக அரசாங்கத்தின் கதவைத் தட்டுகிற பழக்கம் எங்கள் ஊருக்கு வந்தது புயலடித்த அன்று அல்ல, கிடுகு உக்கின அன்று.

கதவு என்றால் அதற்குக் காவல்காரன் வேண்டுமே. கல்முனைத் தொகுதிக்கு அப்போது ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ.ஆர். மன்சூர் எம்.பி. ஆளுங்கட்சி என்பதால் அவர் வீட்டு வாசலில் தமிழரும் முஸ்லிமும் ஒன்றாகத்தான் கடிதம் வைத்துக்கொண்டு நின்றோம். வடக்கே மட்டக்களப்பின் முதலாவது எம்.பி. செ. இராசதுரை, தமிழர் விடுதலைக் கூட்டணி. சூறாவளி அடித்து நாலு மாதத்தில், 1979 மார்ச்சில், அவர் ஆளுங்கட்சிப் பக்கம் போய் அமைச்சரானார். எங்கள் பக்கத் தேநீர்க் கடைகளில் இதற்குச் சூறாவளியைக் காரணம் சொன்னவர்கள் பலர்: அடிபட்ட சனத்துக்கு ஏதும் எடுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் இருக்க வேண்டுமாம். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். 1977 தேர்தலிலேயே அவருக்கெதிராகக் காசி ஆனந்தனைத் தமிழரசுக் கட்சியின் பேரில் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காயம் பழையது. ஆனாலும் தகரம் எங்கே இருக்கிறதோ அங்கே அரசியல் இருக்கும் என்று சனம் கண்டுகொண்ட வருடம் அதுதான்.

அந்தக் காலத்தில் வங்காள விரிகுடாவின் மற்றக் கரைகள் என்ன செய்தன என்று பிறகு வாசித்தேன். 1970 புயலில் இலட்சக்கணக்கில் சனம் பறிகொடுத்த வங்காளதேசம், சில வருடத்திலேயே கிராமம் கிராமமாகத் தொண்டர்களைப் பழக்கி, மெகாபோன் கொடுத்து, எச்சரிக்கை வந்தால் ஆர் எந்த வீட்டைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டது. எங்கள் சூறாவளிக்கு ஒரு வருடம் முன் 1977 நவம்பரில் ஆந்திராவில் திவிசீமையைக் கடல் விழுங்கியது. அங்கே கரையோரமாகப் புயல் ஒதுங்கு கட்டடங்கள் எழும்பின. இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் கொண்டுவந்தது 2005ஆம் ஆண்டு, 13ஆம் இலக்கச் சட்டம். சூறாவளிக்குப் பின் இருபத்தாறு வருடம் கழித்து, அதுவும் சுனாமி வந்து போன பிறகு. அதற்கு முன் தொண்ணூறுகளில் ஒரு அனர்த்த முகாமைத்துவ நிலையம் வைத்தார்கள். அதை எங்கள் ஊரில் ஒருவரும் கண்டதில்லை. பட்டியலை மட்டும் எல்லா நாடும் ஒரே மாதிரித்தான் எடுக்கிறது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையில் 6,000 ரூபாயைக் கொடுத்ததும் ரேஷன் கடையில் வைத்துத்தானே.

2004 டிசம்பர் 26. நாட்டிலேயே கூடுதல் சாவு அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க. அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் கடைக் கதையை மட்டும் தொடருகிறேன். ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபா: 200 காசாக, மிச்சம் பொருளாக. பொருள் கொடுத்தது சங்கக் கடைதான். நான் இளைப்பாறியிருந்தேன், புதிய மனேச்சர் பொடியன் ஆளனுப்பினான், போய்க் கொஞ்ச நாள் கூட இருந்தேன். வேலை அதே வேலை, அரிசி பருப்பு சீனி. வரிசைதான் வேறு. எழுபத்தெட்டில் பாண்டிருப்பாரும் மருதமுனை எல்லைக் குடிகளும் ஒரே பதிவேட்டில், ஒரே வரிசையில், முந்தி வந்தவர் முந்தி. இடையில் எண்பதுகளும் தொண்ணூறும், தமிழரும் முஸ்லிம்களும் பிரிந்த வருடங்கள், போயிருந்தன. கல்முனையில் தமிழ்ப் பிரிவுக்கு ஒரு உப பிரதேச செயலகம் வந்திருந்தது. ஆகவே சுனாமிக்குப் பின் முதல் கேள்வி உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதல்ல, நீங்கள் எந்தச் செயலகம் என்பது. பட்டியல் இரண்டு, முத்திரை இரண்டு, சந்தேகமும் இரண்டு பக்கத்துக்கும்.

வீடு கொடுக்கையில் அது இன்னும் கடுமையானது. முதலில் வடகிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், தெற்கில் 100. எங்கள் ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு நாடா மாதிரிக் கிடப்பவை, 200 மீற்றர் விட்டால் பாதி ஊர் இல்லை. பிறகு அளவு குறைந்தது. மருதமுனையில் “65 மீற்றர்” என்பது ஒரு வீட்டுத்திட்டத்தின் பேராகவே நின்றுவிட்டது. தெற்கே அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் காசில் 500 வீடு கட்டினார்கள். ஆருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. வீடுகள் வருடக்கணக்காக ஆளில்லாமல் காடு மூடின. எழுபத்தெட்டில் எங்களுக்கு அரிசி போதவில்லை, பட்டியல் இருந்தது. இங்கே வீடு இருந்தது, ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரு பட்டியல் இல்லை.

2019 ஜூனில் அந்த உப செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டுக் கல்முனையில் ஒரு பந்தலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதை எதிர்த்து முஸ்லிம் தரப்பு இன்னொரு பந்தலில் சத்தியாக்கிரகம் இருந்தது. நான் பஸ்ஸுக்குப் போகிற வழியில் இரண்டையும் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாவது பந்தலில் அந்த நெசவாளரின் மூத்த மகன் உட்கார்ந்திருந்தார், என்னைக் கண்டதும் எழும்பி வந்து “மனேச்சர், சுகமா?” என்று கேட்டார். உண்ணாவிரதப் பந்தலில் இருந்த இரண்டு மூன்று பேரின் வீட்டுப் பேர்களும் என் பழைய கொப்பியில் அவருடைய வாப்பாவின் பேருக்குக் கீழேயே இருந்தவைதான்.