வீல்சேரில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்த டாக்டர்

1/ அரியலூர், பெரம்பலூர் பக்கம் மரத்துல இருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு வர்றவங்க குடும்பம் கேட்கிறது ஒண்ணுதான்: "திரும்ப நடப்பாரா, டாக்டர்?" சந்தேகம்னு சொன்னா, "அப்ப எல்லாம் முடிஞ்சுதா?"ம்பாங்க. அவங்களுக்காக இந்த வரலாறு.

2/ 1954. வேலூர் சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ். சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இரண்டு காலும் செயலிழந்தது.

3/ வீல்சேரில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டிடம் பழகி, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்தார்.

4/ 1966-ல் வேலூர் பாகாயத்தில், தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு மறுவாழ்வு மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. கடைசிவரை அவர் கால் திரும்பல.

5/ இன்னிக்கு தண்டுவடத்துக்கு மின்தூண்டல் கொடுத்து, பயிற்சியோட சிலர் சில அடி நடக்கிறாங்க. இன்னும் ஆராய்ச்சிதான். "ஸ்டெம் செல்லில் நடக்கவைக்கிறோம்"னா நம்பி நிலத்தை வித்துடாதீங்க.

6/ வீட்ல செய்ய வேண்டியது: 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைங்க. சிறுநீர் தேங்க விடாதீங்க. படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும்தான் பலர் உயிரை எடுக்குது.

7/ நடக்க முடியலைன்னா வாழ்க்கை முடியல. மேரி வர்கீஸுக்கு அதுக்கப்புறம்தான் பெரிய வேலையே ஆரம்பிச்சுது.