அரியலூர் ரயில் விபத்து (1956)

1956 நவம்பர் 23 விடியற்காலையில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலத்தில் நடந்த விபத்து. முதல்நாள் இரவு சென்னை எழும்பூரில் புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், விழுப்புரத்தில் பிரியும் கார்டு லைன் வழியாக வந்து இங்கே ஆற்றில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 142 பேர் என்று சில பதிவுகளும் 154 பேர் என்று வேறு சிலவும் சொல்கின்றன.

மருதையாறு கொள்ளிடத்தில் போய்ச் சேரும் மழைக்காலத்து ஆறு. அன்றைய அடைமழையில் பெருகிய வெள்ளம் பாலத்தை ஒட்டிய மண்கரையை அரித்திருந்தது. எஞ்சினும் அடுத்தடுத்த பெட்டிகளும் வெள்ளத்துக்குள் இறங்கின. பின்பெட்டிகளில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் பாலம் இடிந்து ரயில் விழுந்தபோதே அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரி பொறுப்பாளி என்பதால் அல்ல, அரசியல் சாசன மரபுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதால் ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கமும் தந்தார். வாய்வழிக் கதையில் மகபூப்நகர் உதிர்ந்துபோய், ஒரே விபத்து, ஒரே ராஜினாமா என்று சுருங்கிவிட்டது.

தமிழ்நாட்டுத் தெருக்கள் பிடித்துக்கொண்ட பெயரோ வேறு. ரயில்வே துணை அமைச்சர் ஓ. வி. அழகேசன் செங்கற்பட்டுக்காரர். 1957 தேர்தலில் முதன்முறையாகக் களமிறங்கிய தி.மு.க., அரியலூரையும் அழகேசனையும் அகர மோனையில் கோத்து, ‘ஆண்டது’, ‘மாண்டது’ என்று எதுகை போட்டு ஒரு முழக்கம் கட்டியது. அழகேசன் தோற்றார். தோல்விக்கு முழக்கம் மட்டும் காரணமாக இருந்திருக்காது. ஆனால் தேர்தல் கதை சொல்பவர்கள் இன்றும் அதைத்தான் ராகத்தோடு சொல்லிக்காட்டுகிறார்கள். கொலை, வெள்ளம், விபத்து என்று எது நடந்தாலும் சிந்து கட்டிக் காலணா, அரையணாவுக்கு விற்ற குஜிலிப் பதிப்புகளின் வேலையை இங்கே மேடையும் சுவரும் செய்தன என்று கொள்ளலாம். சிந்தாக இருந்திருந்தால் செத்தவர்களுக்கும் நாலு அடி கிடைத்திருக்கும். முழக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு எதுகைச் சொல்.

1999இல் கைசால் ரயில் விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் நிதிஷ் குமார் விலகியபோதும், 2023இல் பாலசோர் விபத்தின்போதும் அரியலூர் மீண்டும் பேசப்பட்டது. அரியலூர் தனி மாவட்டமாக மறுபடி உருவானது 2007 நவம்பர் 23 அன்று. விபத்து நடந்த அதே தேதி.