ஒலிம்பிக் வந்தால் ஊர் செழிக்குமா? மூன்று நகரங்களின் வரவு செலவுக் கதை



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் எப்படி இருக்கும்? அதுக்குப் பேர்தான் ஒலிம்பிக். மைதானம் கட்ட வேண்டும், சாலை போட வேண்டும், உலகத்தையே விருந்துக்கு அழைக்க வேண்டும். கொரோனா மாதிரி ஏதாவது வந்தாலொழிய தேதி தள்ளிப் போகாது.

இப்போது இந்தப் பேச்சு எதற்கு என்றால், 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபரில் இந்தியா கடிதம் கொடுத்திருக்கிறது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 'போட்டி வந்தால் வேலை வரும், சுற்றுலா வரும், ஊர் செழிக்கும்' என்று ஒரு சாரார். 'எல்லாம் வெட்டிச் செலவு' என்று இன்னொரு சாரார். ஏற்கெனவே நடத்திய ஊர்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பது தெரியும். மூன்று ஊர்களை மட்டும் பார்ப்போம்.

மாண்ட்ரியல்: கடன் கோபுரம்

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் என்றால் நமக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, 14 வயது நாடியா கொமனேச்சி ஜிம்னாஸ்டிக்ஸில் வாங்கிய முழு 10 மதிப்பெண். இன்னொன்று, ஒலிம்பிக்கில் முதன்முதலாக செயற்கைத் தரையில் நடந்த ஹாக்கியில் நம் அணி 7வது இடத்துக்குப் போனது. அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று ஞாபகம் இருக்கும். கடன்!

1970ல் போட்டி அந்த நகருக்குக் கிடைத்தபோது சொன்ன செலவு சுமார் 12 கோடி கனடா டாலர். 'ஆண்பிள்ளை பிரசவித்தாலும் பிரசவிப்பான், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது' என்கிற தோரணையில் பேசினார் மேயர் ழான் த்ரபோ. எல்லாம் முடிந்தபோது கடன் மட்டும் சுமார் 150 கோடி டாலர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னாளில் கணக்கிட்டதில், எஸ்டிமேட்டை விடச் செலவு 720 சதவீதம் எகிறியிருந்தது. அவர்கள் ஆராய்ந்த ஒலிம்பிக்குகளில் இதுதான் உச்சம்.

எப்படி இப்படி ஆயிற்று? இங்கேதான் நம் சிவில் நண்பர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் ரோஜே தைலிபேர் வரைந்த ஸ்டேடியம் பார்க்க அற்புதம். பிரமாண்டமான கான்கிரீட் விலா எலும்புகள். பக்கத்தில் 45 டிகிரி சாய்ந்து நிற்கும் 165 மீட்டர் கோபுரம். அதன் உச்சியிலிருந்து கேபிள்களில் தொங்கும், தேவைப்பட்டால் திறந்து மூடும் கூரை. இதுமாதிரி ஒன்றை அதுவரை யாரும் கட்டியது கிடையாது. வேலை நடந்த காலமோ 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய விலைவாசிக் காலம். இரும்பும் சிமெண்டும் ஏறின, கூலியும் ஏறியது. நூற்றைம்பது நாட்களுக்கு மேல் வேலைநிறுத்தம். கனடாவின் குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் 1975 நவம்பரில் கியூபெக் மாகாண அரசே வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது.

தேதி நகராது என்று தெரிந்தால் கான்ட்ராக்டர் சொல்வதுதான் விலை. இரவு பகலாக ஷிஃப்டு, ஓவர்டைம், ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் அளவுக்குக் கிரேன்கள். இத்தனை செய்தும் தொடக்க விழாவன்று கோபுரம் பாதியில்தான் நின்றது. கூரையும் இல்லை. கோபுரம் முடிந்தது 1987ல். அதன்பின் போட்ட கூரை அடிக்கடி கிழிந்தது. 1991ல் 55 டன் கான்கிரீட் உத்தரம் ஒன்று விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி படவில்லை. 1998ல் போட்ட புதுக் கூரை 1999 ஜனவரியில் பனியின் பாரம் தாங்காமல் கிழிந்தது.

கடனை அடைக்க சிகரெட் மேல் தனி வரி போட்டார்கள். கடன் அடைந்த ஆண்டு 2006. போட்டி நடந்தது 2 வாரம், கடன் கட்டியது 30 வருஷம்! அதோடும் விடவில்லை. கூரையை மறுபடி மாற்ற 87 கோடி டாலர் என்று 2024ல் கியூபெக் அரசு அறிவித்தது. ஸ்டேடியத்தின் செல்லப்பெயரிலேயே அந்த ஊர்க்காரர்கள் சிலேடை வைத்துவிட்டார்கள். வட்ட வடிவத்தைக் குறிக்கும் 'பிக் ஓ' என்ற பெயர், உச்சரிப்பு மாறாமல் 'பெருங்கடன்' என்ற பொருளுக்கு வந்துவிட்டது.

லாஸ் ஏஞ்சலஸ்: கட்டாமல் ஜெயித்த ஊர்

மாண்ட்ரியலைப் பார்த்து உலகமே மிரண்டுபோனது. 1984 போட்டிக்குக் கடைசிவரை களத்தில் நின்றது லாஸ் ஏஞ்சலஸ் ஒன்றுதான். டெஹ்ரான் விலகிக்கொண்டது. பெண் கேட்டு வந்தது ஒரே மாப்பிள்ளை என்றால் மாப்பிள்ளை வீட்டார் பேரம் எப்படி இருக்கும்! அதே கதைதான். நஷ்டம் வந்தால் நகரம் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஒலிம்பிக் கமிட்டியின் விதி. 'அதெல்லாம் முடியாது' என்றது ஊர். 1978 நவம்பரில் அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு, திரும்பி வராத நகராட்சிப் பணம் எதுவும் ஒலிம்பிக்குக்குப் போகக்கூடாது என்று சாசனத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கமிட்டி இறங்கி வந்தது. பீட்டர் யூபரோத் தலைமையில் ஒரு தனியார் குழு போட்டியை நடத்தியது.

அவர் செய்த முதல் காரியம், முடிந்தவரை எதையும் கட்டாமல் இருந்தது! 1932 ஒலிம்பிக்கைப் பார்த்த அதே கொலீசியம்தான் முக்கிய மைதானம். வீரர்கள் தங்கியது பல்கலைக்கழக ஹாஸ்டல்களில். (ஹாஸ்டல் சாப்பாடு பற்றி அவர்கள் என்ன சொன்னார்களோ!) புதிதாகத் தேவைப்பட்ட நீச்சல் குளத்தை மெக்டொனால்ட்ஸ் செலவிலும், சைக்கிள் பந்தயத் தளத்தை செவன்-இலெவன் கடைக்காரர்கள் செலவிலும் கட்டினார்கள். டெலிவிஷன் உரிமைக்கு ஏபிசி கொடுத்தது 22.5 கோடி டாலர். சோவியத் அணி பகிஷ்கரித்தும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டது இந்தப் போட்டியில்தான். உஷாவுக்குக் கைநழுவியது, லாஸ் ஏஞ்சலஸுக்கு 23 கோடி டாலர் உபரி! அதில் ஒரு பங்கில் தொடங்கிய அறக்கட்டளை, தெற்குக் கலிபோர்னியாச் சிறுவர்களின் விளையாட்டுக்கு அன்றிலிருந்து உதவி வருகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போட்டிக் குழுவின் உபரி வேறு, ஊரின் செழிப்பு வேறு. பொருளாதார ஆய்வாளர்கள் பின்னால் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களைப் பார்த்தபோது, கூடிய வேலைகள் கொஞ்ச நாளில் கரைந்துபோனது தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நஷ்டப்படவில்லை. அதே சமயம் அந்த ஊர் தலைகீழாக மாறிவிடவும் இல்லை.

பார்சிலோனா: கடலைத் திரும்பப் பெற்ற ஊர்

மாறிக் காட்டிய ஊர் பார்சிலோனா. ஃப்ராங்கோவின் சர்வாதிகாரம் 1975ல் முடிந்தபோது, பல வருஷம் முதலீடு காணாமல் கிடந்த தொழில் நகரம் அது. கடற்கரை ஊர்தான், ஆனால் ஊர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நடுவே ரயில் பாதை, பழைய மில்கள், கிடங்குகள், சாக்கடை. இதையெல்லாம் எப்படிச் சீரமைப்பது என்று 1976லேயே ஒரு பெருநகரத் திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். திட்டம் இருந்தது, பணமும் அவசரமும்தான் இல்லை.

1986ல் ஒலிம்பிக் கிடைத்தது. மேயர் பாஸ்க்வால் மரகால் கெட்டிக்காரர். விளையாட்டுக்காக ஊரைக் கட்டாமல், ஊரைக் கட்ட விளையாட்டைப் பயன்படுத்திக்கொண்டார். முக்கிய ஸ்டேடியம் மொன்ஜூயிக் குன்றில் 1929ல் கட்டியது, அதைப் புதுப்பித்தார்கள். மொத்த முதலீட்டில் விளையாட்டு அரங்குகளுக்குப் போனது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் சுற்றுச் சாலைகள், விமான நிலையம், கழிவுநீர்க் கால்வாய், தொலைத்தொடர்பு என்று ஊருக்கே போனது. ரயில் பாதையை இடம் மாற்றினார்கள், புதைத்தார்கள். மில்கள் இருந்த பொப்லநோ பகுதியில் ஒலிம்பிக் கிராமமாகச் சுமார் 2,000 வீடுகள் எழும்பின. அதன் முன்னால் புதிதாக மணல் கடற்கரை.

பலன் என்ன? பதிவு செய்த வேலையில்லாதோர் 1986 கடைசியில் சுமார் 1,27,000 பேர். 1992 ஜூலையில் சுமார் 61,000. போட்டி முடிந்ததும் ஸ்பெயினில் மந்தம் வந்து வேலையில்லாதோர் எண்ணிக்கை மறுபடி ஏறியது உண்மை. ஆனால் சாலையும் கடற்கரையும் எங்கேயும் போகவில்லை. 1990ல் சுமார் 17 லட்சம் சுற்றுலாப் பயணிகள் தங்கிய நகரில் 2000ல் 31 லட்சம் பேர் தங்கினார்கள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. போட்டி வரை வந்த ஆண்டுகளில் வீட்டு விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஒலிம்பிக் கிராமத்து வீடுகள் ஏழை எளியவர்களுக்குக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது; பெரும்பாலும் வசதியானவர்கள்தான் வாங்கினார்கள். 2024ல் அதே பார்சிலோனாவில் ஊர் மக்கள் ஊர்வலம் போய், சுற்றுலாப் பயணிகள் மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சி எதிர்ப்புக் காட்டினார்கள். விருந்தாளி அதிகமானால் வீட்டுக்காரருக்குப் படுக்க இடமில்லை!

பணம் எங்கே கசிகிறது?

'இத்தனை லட்சம் பேர் வருவார்கள், இத்தனை கோடி செலவழிப்பார்கள்' என்று கணக்குக் காட்டுகிறவர்கள் மூன்று ஓட்டைகளை மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது, உள்ளூர்க்காரர் டிக்கெட் வாங்கும் பணம் புதுப் பணமே அல்ல. சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் போக வேண்டியது மைதானத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து வழக்கமான பயணிகள் வராமல் போவார்கள். லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012 ஆகஸ்டில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 2011 ஆகஸ்டைவிடக் குறைவு. மூன்றாவது, ஓட்டல் அறை வாடகை நாலு மடங்கு ஆனாலும் அறையைப் பெருக்குகிறவரின் சம்பளம் நாலு மடங்கு ஆவதில்லை. லாபம் கம்பெனியின் தலைமையகம் இருக்கும் ஊருக்குப் போய்விடும்.

நம் நாட்டுக் கணக்கு

1982 ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லிக்கு மேம்பாலங்களையும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தையும் கொடுத்தது. அந்த வருஷம்தான் நாட்டுக்குக் கலர் டெலிவிஷனும் வந்தது. ஆனால் அதைக் கட்டிய கூலியாட்களுக்கு என்ன கிடைத்தது என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் படிக்கலாம். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் 1 ரூபாயை மேஸ்திரிகள் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார்கள். குறைந்தபட்சக் கூலி கொடுக்காமல் வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிபதி பகவதி எழுதிய அந்தத் தீர்ப்பு, இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். 'ஊருக்கு நன்மை' என்று சொல்லும்போது ஊர் என்றால் யார் என்று கேட்க வைக்கிற பாடம்.

சென்னையில் 1995ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அந்த ஆண்டு திறந்த நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் சர்வதேசப் போட்டி நடந்தது. இரண்டு வாரத் திருவிழாவுக்குப் பிறகும் கதவு திறந்திருக்கும் அரங்கம்தான் ஊருக்குச் சொத்து. பூட்டிக் கிடப்பது காவலுக்கும் கரண்டுக்கும் செலவு வைக்கும்.

தம்பி தங்கைகளுக்கு

மூன்று ஊர்க் கதையும் ஒன்றைத்தான் சொல்கிறது. விளையாட்டுப் போட்டி ஊருக்கு வளம் தருகிற காமதேனு அல்ல. அது ஒரு கெடு தேதி. கையில் நல்ல திட்டம் வைத்திருந்த பார்சிலோனாவை அந்தக் கெடு ஓட வைத்தது. இருப்பதை வைத்துச் சமாளித்த லாஸ் ஏஞ்சலஸுக்குச் சேதம் இல்லை. வரைபடம் முழுதாக முடியுமுன்னே தேதி கொடுத்த மாண்ட்ரியலை அதே கெடு 30 வருஷம் வட்டி கட்ட வைத்தது.

2036க்குள் உங்களில் பலர் நல்ல பொறுப்பில் இருப்பீர்கள். ஏதோ ஒரு ஸ்டேடியத்தின், மெட்ரோ பாதையின் எஸ்டிமேட் உங்கள் மேஜைக்கு வரும். அப்போது நாலு கேள்வி கேளுங்கள். போட்டி வராவிட்டாலும் இதைக் கட்டியிருப்போமா? போட்டி முடிந்த மறுநாள் இதை யார் பயன்படுத்துவார்கள்? செலவு கூடினால் அந்தக் கூடுதலை யார் கட்டுவார்கள்? கட்டுகிற தொழிலாளிக்குக் கூலி முழுசாகப் போய்ச் சேருகிறதா?

நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். விருந்து என்னைக்கோ நடந்திருக்கும், பில் மாசக் கடைசியில் எல்லார் தலையிலும் விழும். அன்றைக்கு ஊருக்குப் போயிருந்தவன் தலையிலும் சேர்த்து. ஊரின் கணக்கும் அப்படித்தான். மாண்ட்ரியலில் அந்த சிகரெட் வரியைக் கட்டியவர்களில் பலர் 1976ல் பிறந்தே இருக்கவில்லை. மேடையில் மாலை வாங்குகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் வேறொருவர். அந்தப் பில்லின் முதல் தாளில் எஸ்டிமேட் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு இன்ஜினியர். அந்தத் தாளில் உண்மையான எண்ணை எழுதுங்கள். 'குறைச்சுக் காட்டுப்பா, சாங்ஷன் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால், மாண்ட்ரியல் கோபுரத்தை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!