குரோனிக் டவுன்

குரோனிக் டவுன், அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம். 1982 ஆகஸ்டில் ஐ.ஆர்.எஸ். நிறுவனம் வழியாக வெளியிட்ட ஐந்து பாடல்கள் கொண்ட இசைத்தட்டு. முழு ஆல்பத்தைவிடச் சிறிய 'இ.பி.' வகையைச் சேர்ந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற கல்லூரி நகரில் 1980-இல் உருவான இக்குழுவில் மைக்கேல் ஸ்டைப் (பாடகர்), பீட்டர் பக் (கிட்டார்), மைக் மில்ஸ் (பேஸ்), பில் பெர்ரி (டிரம்ஸ்) ஆகிய நால்வர் இருந்தனர்.

பாடல்களில் பெரும்பகுதி, வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் மிட்ச் ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டு கராஜில் நடத்திய டிரைவ்-இன் ஸ்டுடியோவில் 1981 அக்டோபரில் பதிவானது. பெரிய ஸ்டுடியோவின் கெடுபிடி இல்லாததால் டேப்பைப் பின்னோக்கி ஓட்டுவது, துண்டுகளைச் சுழலவிடுவது போன்ற சோதனைகளுக்கு நேரம் கிடைத்தது. அட்டையில் பாரிஸ் நாட்ர டாம் தேவாலயத்தின் கொம்புள்ள கல்லுருவம் நீலச் சாயலில் இருக்கும்.

இந்தத் தட்டின் தனித்தன்மை அது மறைத்து வைத்ததில்தான் இருக்கிறது. ஸ்டைப்பின் குரல் கருவிகளுக்குள் அமிழ்ந்து ஒலிக்கிறது. 'கார்டனிங் அட் நைட்' பாடலில் சொற்களைப் பிடிப்பதே கடினம். உரத்த கிட்டார் தனி ஆவர்த்தனங்கள் கோலோச்சிய காலத்தில் பக், ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டிக் கோத்தார். பொருள் புரியாத பாட்டு மனதில் தங்குமா என்ற கேள்விக்கு, கல்லூரி வானொலிகள் இதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பிப் பதில் சொல்லின.

ஈஸ்டரும் டான் டிக்சனும் தயாரித்த முதல் முழு ஆல்பமான 'மர்மர்' (1983) இதே மங்கலை மேலும் நேர்த்தியாக்கியது. 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்' (1986) ஆல்பத்தில், டான் கெமனின் தயாரிப்பில், குரல் முன்னுக்கு வந்தது. கூடவே அரசியலும் சூழலியலும் வந்தன. 1988-இல் வார்னர் பிரதர்ஸுக்கு மாறிய குழு, 'அவுட் ஆஃப் டைம்' (1991) மூலம் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதன் பெருவெற்றிப் பாடலான 'லூசிங் மை ரிலிஜியன்' கிட்டாரை விட மாண்டலினையே நம்பியது. அடுத்த ஆண்டு வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்' மரணத்தையும் இழப்பையும் நிதானமாகப் பேசியது. குழுவின் உச்சம் அதுவே என்பது விமர்சகர்கள் பலரின் கருத்து. இருப்பினும், பிற்கால ஆல்பங்கள் எதிலும் குரோனிக் டவுனின் அந்தப் புதிர்த்தன்மை திரும்பவில்லை.

1997-இல் பெர்ரி விலகினார். 2011-இல் குழு கலைந்தது. 1987 முதல் 'டெட் லெட்டர் ஆபீஸ்' குறுந்தகட்டின் பின்னிணைப்பாகவே கிடைத்துவந்த குரோனிக் டவுன், நாற்பதாவது ஆண்டான 2022-இல்தான் தனிக் குறுந்தகடாக வெளிவந்தது.